செயின்ட் செபல்கர்ஸ் கல்லறைத் தோட்டம், ஆக்ஸ்ஃபர்ட்: போப்பின் கல்லில் 'தமிழ் மாணவன்' இருக்கிறதா, இல்லையா?

பழையதாள்:

பிப்ரவரி வந்தால் போதும், வாட்ஸப் குழுக்களில் அந்தப் படம் கிளம்பிவிடுகிறது. பச்சைப் புல்வெளி, பளபளக்கும் பளிங்குச் சிலுவை, மேலே மஞ்சள் எழுத்தில் 'இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்கிக்கொண்டிருக்கிறான்'. திருவாசகத்தை ஆங்கிலத்தில் தந்த பாதிரியார் ஜி.யு.போப் இப்படிப் பொறிக்கச் சொல்லி உயில் எழுதிவைத்தாராம். பட்டிமன்றத்தில் சொல்கிறார்கள், பள்ளி ஆண்டுவிழாவில் பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள், கேட்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள்.

கல்லில் அந்த வாசகம் கிடையாது. அந்தக் கல் இருப்பது ஆக்ஸ்ஃபர்ட் நகரத்துக்குள், வால்டன் தெருவில், செயின்ட் செபல்கர்ஸ் என்ற விக்டோரியா காலத்துக் கல்லறைத் தோட்டத்தில். ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. சாரம் இதுதான்: தென்னிந்தியாவின் ஜார்ஜ் உக்லோ போப், பல்கலைக்கழகத்தில் தமிழ், தெலுங்கு விரிவுரையாளராகவும் பேலியல் கல்லூரியின் சேப்ளினாகவும் (கல்லூரிப் பாதிரியாகவும்) இருந்தவர், பிறப்பு 24 ஏப்ரல் 1820, இறப்பு 11 பிப்ரவரி 1908. அதற்குக் கீழே, கீழைநாட்டு இலக்கியத்துக்கும் தத்துவத்துக்கும் அவர் வாழ்நாளெல்லாம் உழைத்ததைப் போற்றி, அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியாவிலுள்ள அவருடைய தமிழ் நண்பர்களும் இந்தக் கல்லை வைத்தார்கள் என்று இருக்கிறது.

அவ்வளவுதான். என்னைக் கேட்டால் இருக்கிற வாசகமே போதும், இல்லாததை ஏன் ஒட்டவைக்க வேண்டும்? அந்தத் தோட்டத்தைப் பற்றித் தெரிந்தவர்கள் எழுதுங்கள். போப்பைப் பற்றி மட்டும் இல்லை, அந்த இடத்தைப் பற்றியும்.

சாயர்புரத்தான்:

அண்ணாச்சி, கொஞ்சம் பொறுங்க. நான் சாயர்புரத்துக்காரன். போப் ஐயர் 1840களில் வந்து குருத்துவப் பள்ளி தொடங்கிய ஊர், இன்றைக்கும் அவர் பேரில் கல்லூரி இருக்கிறது. எங்கள் தாத்தா காலத்திலிருந்து இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்திருக்கிறோம். உயிலில் மூன்று ஆசை சொன்னார் என்பார்கள்: கல்லறைச் செலவில் ஒரு பங்கு தமிழர் பணமாக இருக்கணும், பெட்டிக்குள் திருக்குறளும் திருவாசகமும் வைக்கணும், கல்லில் தமிழ் மாணவன் என்று போடணும். நீங்களே சொல்லிவிட்டீர்கள், தமிழ் நண்பர்கள் கல் வைத்தார்கள் என்று கல்லிலேயே இருக்கிறதாமே. அப்போ முதல் ஆசை நிறைவேறியிருக்கிறதே. மூன்றில் ஒன்று மெய் என்றால் மற்ற இரண்டும் சும்மா கிளம்பியிருக்குமா?

பழையதாள்:

ஒன்று மெய் என்பதால்தான் மற்ற இரண்டும் அதில் தொற்றிக்கொண்டு ஓடுகின்றன. தமிழ் நண்பர்கள் சேர்ந்து கல் வைத்தார்கள் என்ற செய்தி ஊருக்குத் திரும்பி வருகிறது, வருகிற வழியில் வளர்கிறது. முழுப் பொய்யை விட முக்கால் பொய்க்குத்தான் ஆயுசு கெட்டி.

எதிர்க்காற்று:

ஒரு வெள்ளைக்காரப் பாதிரியின் கல்லறைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் தேவையா? இங்கே நம்ம ஊர்ப் புலவர்கள் எத்தனை பேருடைய சமாதி எங்கே இருக்கிறது என்று யாருக்காவது தெரியுமா?

ஜெரிக்கோவாசி:

எதிர்க்காற்று, கேள்வி நியாயம்தான், தனி இழை தொடங்குங்கள், வருகிறேன். இங்கே அந்த இடத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள், நான் பக்கத்தில்தான் குடியிருக்கிறேன், எழுதுகிறேன்.

முதலில் ஒன்று, பளிங்குப் புல்வெளி எல்லாம் கிடையாது. வால்டன் தெருவில் கடைகளும் வீடுகளும் நெருக்கமாக இருக்கிற வரிசையில் ஒரு கல் வாசல், அதோடு சேர்ந்த காவல்காரர் வீடு. அது 1860களில் கட்டியது. தெரியாதவர்கள் யாரோ ஒருவருடைய வீட்டு வாசல் என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவார்கள். உள்ளே நுழைந்தால் மரங்களுக்கு நடுவே நேராக ஒரு பாதை, அப்புறம்தான் தோட்டம் விரிகிறது. நடுவில் பாதைகள் சேரும் இடத்தில் ஒரு சிற்றாலயம் இருந்தது, 1970களில் இடித்துவிட்டார்கள். இப்போது அங்கே வெற்றிடம்தான்.

சுற்றி நான்கு திருச்சபை வட்டாரங்களுக்கு நான்கு பகுதி: செயின்ட் ஜைல்ஸ், செயின்ட் மேரி மேக்டலன், செயின்ட் மைக்கேல், செயின்ட் பால். செத்த பிறகும் அவரவர் பங்கு அவரவருக்கு! இதைப் பார்த்துவிட்டுத்தான் நம் ஊரில் கல்லறைச் சுவர் பிரிப்பதைப் பற்றி இங்கிலாந்துக்காரர்கள் புத்தி சொல்ல வேண்டாம் என்று எனக்குத் தோன்றும், ஆனால் இரண்டும் ஒன்றில்லை, இங்கே அது வட்டாரக் கணக்கு, அங்கே சாதிக் கணக்கு.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு காலத்தில் இரும்பு வார்ப்படத் தொழிற்சாலை, ஈகிள் அயர்ன்வொர்க்ஸ், ஊர்க்காரர்கள் லூசீஸ் என்பார்கள். அது 2000களில் மூடி, இப்போது அடுக்குமாடி வீடுகள். அந்தப் பக்கமே கால்வாய். ஜெரிக்கோ என்ற இந்தப் பகுதி முழுக்க வார்ப்படக்காரர்களுக்கும் அச்சகத் தொழிலாளிகளுக்கும் கட்டிய குடியிருப்புதான். இன்றைய வாடகையைக் கேட்டால் அவர்கள் கல்லறையிலிருந்து எழுந்து வந்துவிடுவார்கள். அப்போது சாக்கடை வசதி சரியில்லாத இடம், காலராவும் டைஃபாய்டும் இங்கே வந்துவிட்டுத்தான் மறு வேலை பார்க்கும். ஆக்ஸ்ஃபர்டில் 1832, 1849, 1854 என்று மூன்று முறை காலரா வந்தது. ஹென்றி ஆக்லண்ட் என்ற டாக்டர் 1854ஆம் ஆண்டுக் காலராவைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார்.

அதனால் இது பேராசிரியர்கள் தோட்டம் மட்டும் இல்லை. சலவைக்காரர், ரொட்டி சுடுகிறவர், கல்லூரிச் சமையல்காரர், மதுக்கடைக்காரர், கைக்குழந்தைகள். பிள்ளைகளின் பெயர் வரிசையாக இருக்கிற கற்கள்தான் அதிகம் படிக்க முடியாமல் பண்ணும். எழுத்து தேய்ந்து போனதைச் சொல்லவில்லை.

நூலகப்பூனை:

ஜெரிக்கோவாசி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், ஏன் திடீரென்று இந்த மாதிரித் தோட்டங்கள் முளைத்தன என்பது.

1840கள் வரைக்கும் இங்கிலாந்தில் செத்தவர்களைக் கோயில் முற்றத்திலேயே புதைப்பதுதான் வழக்கம். நூற்றாண்டுக்கணக்கில் அதே முற்றம், அதே குழி. ஊர் பெருத்துவிட்டது. 1801இல் சுமார் பத்து லட்சம் பேர் இருந்த லண்டன் 1851இல் இருபது லட்சத்தைத் தாண்டியது. முற்றம் மட்டும் அப்படியே. புதுக்குழி வெட்டினால் பழைய ஆள் வெளியே வருவார். எனன் சேப்பல் என்று ஒரு இடம் லண்டனில், பலகைத் தரைக்குக் கீழே பன்னிரண்டாயிரம் உடல்களை அடைத்துவைத்திருந்தார்கள் என்று அன்றைக்குக் குற்றச்சாட்டு எழுந்தது. மேலே ஞாயிறு ஆராதனை நடந்துகொண்டிருந்திருக்கிறது. ஜார்ஜ் ஆல்ஃபிரட் வாக்கர் என்ற மருத்துவர் 1839இல் இதையெல்லாம் புத்தகமாகப் போட்டு ஊரைக் கலக்கினார். காலராவுக்குக் காரணம் கெட்ட காற்று என்று நம்பிய காலம் அது. காரணம் தண்ணீர் என்பது பிறகுதான் தெரிந்தது, ஆனால் பயம் சரியான வேலையைச் செய்தது.

லண்டனில் தனியார் கம்பெனிகள் இறங்கின. பங்கு விற்று, ஊருக்கு வெளியே நிலம் வாங்கி, பூங்கா மாதிரி மரம் வைத்து, குழியை மனை போல விற்றார்கள். 1833இல் கென்சல் கிரீன், 1839இல் ஹைகேட், 1841க்குள் ஏழு தோட்டங்கள். நல்ல லாபம். அப்புறம் இடம் நிரம்பியதும் வருமானம் நின்றது, பராமரிப்புக்குக் காசில்லை, காடாகிவிட்டன. ஹைகேட்டின் மேற்குப் பகுதியை 1975இல் பூட்டியே விட்டார்கள், பிறகு தன்னார்வலர்கள் சேர்ந்துதான் மீட்டார்கள். குழி விற்ற காசில் வாழ்கிற கம்பெனிக்குக் கடைசிக் குழி விற்ற நாளோடு கதை முடிந்தது என்பதை 1839இல் பங்கு வாங்கியவர்கள் யாராவது யோசித்திருப்பார்களா தெரியவில்லை.

ஆக்ஸ்ஃபர்டில் அது கம்பெனி வியாபாரமாகப் போகவில்லை, அது சபைச் சண்டையாகப் போனது. எல்லாருக்கும் பொதுவாக ஒரு கல்லறைத் தோட்டம் வேண்டும் என்று ஒரு கட்சி, குறிப்பாக ஆங்கிலிக்கன் (இங்கிலாந்தின் அரசுத் திருச்சபை) அல்லாதவர்கள். முடியாது, எங்கள் சபைக்குத் தனி என்று இன்னொரு கட்சி. இரண்டாவது கட்சி வென்றது. 1847, 1848இல் ஹோலிவெல், ஆஸ்னி, செயின்ட் செபல்கர்ஸ் என்று மூன்று ஆங்கிலிக்கன் தோட்டங்கள் வந்தன. நகராட்சி எல்லாருக்கும் பொதுவாக இடம் திறக்க அந்த நூற்றாண்டு முடியும் தறுவாய் ஆகிவிட்டது.

சாயர்புரத்தான்:

நூலகப்பூனை, அப்போ போப் ஐயர் ஆங்கிலிக்கனாக மாறாமல் இருந்திருந்தால் அங்கே இடம் கிடைத்திருக்காது என்று சொல்லுங்கள். அவர் இந்தியாவுக்கு வந்தது வெஸ்லியன் சபை ஆளாகத்தானே.

நூலகப்பூனை:

ஆமாம், 1839இல் மதராஸ் வந்து இறங்கியபோது வெஸ்லியன், 1843இல் ஆங்கிலிக்கன் குருப்பட்டம். இடம் கிடைத்திருக்காது என்று அடித்துச் சொல்ல மாட்டேன், 1908க்குள் சட்டம் நிறைய இளகிவிட்டது. ஆனால் 1848இல் என்றால் சிக்கல்தான்.

பழையதாள்:

அங்கே போப்பின் அயலார் யார் என்று பாருங்கள், எனக்கு இந்த இடத்தில் மிகவும் பிடித்த விஷயம் அதுதான்.

பெஞ்சமின் ஜோவெட். பேலியல் கல்லூரியின் தலைவர், பிளேட்டோவை ஆங்கிலத்தில் கொண்டுவந்தவர், 1893இல் இறந்தார். அவரும் இதே செயின்ட் செபல்கர்ஸில்தான் இருக்கிறார். போப்பின் திருவாசக மொழிபெயர்ப்பு 1900இல் வந்தது, அதன் முன்னுரையில் ஒரு ஜூன் மாத நள்ளிரவைப் பற்றி எழுதியிருக்கிறார். கல்லூரி முற்றத்தில் இருவரும் நடந்துகொண்டே திருவாசகத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். இதை நீங்கள் அச்சிட்டே ஆக வேண்டும் என்கிறார் ஜோவெட். போப்புக்கு அப்போதே எழுபதை ஒட்டிய வயது. எனக்குச் சாகாவரம் ஒன்றும் இல்லையே, இதற்கு நெடுங்காலம் பிடிக்குமே என்கிறார். பெரிய வேலை ஒன்றைக் கையில் வைத்திருப்பதுதான் நெடுநாள் வாழ வழி, முடிக்கிற வரைக்கும் இருப்பீர்கள் என்கிறார் ஜோவெட்.

சொன்னவர் போய்விட்டார், கேட்டவர் முடித்தார். தன் எண்பதாவது பிறந்தநாள் தேதியிட்டு அந்த முன்னுரையை எழுதினார். தன்னுடைய முதல் தமிழ்ப் பாடம் 1837இல் என்று குறிப்பு பார்த்துச் சொல்கிறார், அதாவது கப்பல் ஏறுவதற்கு முன்னாலேயே. 63 வருடம்! அதற்குப் பிறகும் எட்டு வருடம் இருந்தார்.

இப்போது சொல்லுங்கள் சாயர்புரத்தாரே, இது போதாதா? 'தமிழ் மாணவன்' என்று கல்லில் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, 1837இல் தொடங்கிய பாடத்துக்கு 1900இல் கணக்குச் சொல்கிற ஆள் மாணவன் இல்லாமல் வேறு யார்? கதை கட்டியவர்கள் இந்த முன்னுரையைப் படித்திருந்தால் உயிலே தேவைப்பட்டிருக்காது.

சாயர்புரத்தான்:

முன்னுரையைப் படித்தவர்தான் கதையையும் தொடங்கிவிட்டிருப்பாரோ என்று எனக்கு இப்போது சந்தேகம் வருகிறது. அப்படியானால் அது பொய் இல்லையே அண்ணாச்சி, சுருக்கம். உயில் விஷயத்தை நான் இன்னும் விடவில்லை, சொல்லிவிட்டேன்.

அச்சுக்கோப்பவன்:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், ஒன்றை யாரும் சொல்லவில்லை. போப்பின் நாலடியார் 1893, திருவாசகம் 1900, இரண்டும் கிளாரண்டன் அச்சகம். அதாவது ஆக்ஸ்ஃபர்ட் பல்கலைக்கழக அச்சகம். அது எங்கே இருக்கிறது? அதே வால்டன் தெரு! 1830இல் அங்கே குடிபோனது. கல்லறை வாசலிலிருந்து நடந்தே போகிற தூரம். மூலத்தைத் தமிழ் எழுத்திலேயே போட்டு, எதிரே ஆங்கிலம். மணிவாசகரை ஒவ்வொரு எழுத்தாக ஈயத்தில் கோத்தது அந்தத் தெருவில்தான். கோத்தவருக்குத் தமிழ் தெரிந்திருக்குமா, வடிவத்தை மட்டும் பார்த்து எடுத்து வைத்தாரா, எப்படியோ. நானும் கைக்கோப்பு அச்சகத்தில் தொழில் கற்றவன், தெரியாத லிபியைக் கோப்பது எவ்வளவு பெரிய தலைவலி என்று எனக்குத் தெரியும், அதுவும் கொம்பும் சுழியும் தனித்தனி அச்சாக இருந்தால் பெட்டியில் தேடியே பொழுது போய்விடும்.

அந்த அச்சகத்தை நடத்திய தாமஸ் கோம் என்பவரும் அதே தோட்டத்தில்தான் இருக்கிறார், 1872இல் இறந்தவர், அதனால் போப் புத்தகங்களோடு சம்பந்தம் இல்லை. ஆனால் சுவாரசியமான ஆள். ஜெரிக்கோ தொழிலாளிகளுக்காக செயின்ட் பார்னபஸ் கோயிலைத் தன் காசில் கட்டிக்கொடுத்தார். ஓவியர்களை ஆதரித்தார். ஹோல்மன் ஹன்ட் வரைந்த, விளக்கைப் பிடித்துக்கொண்டு கதவைத் தட்டும் இயேசு படம் தெரியும் இல்லையா, நம் ஊர்க் கிறிஸ்தவ வீடுகளிலும் காலண்டர்களிலும் வரும், அதன் மூலப்படத்தை வாங்கியவர் இவர்தான். பிறகு அவர் மனைவி மார்த்தா அதை கீபிள் கல்லூரிக்குக் கொடுத்துவிட்டார். அந்த அம்மாவும் இங்கேதான் இருக்கிறார்.

ஜெரிக்கோவாசி:

ஹென்றி ஸ்மித்தை விட்டுவிட்டீர்கள், கணக்குப் பேராசிரியர். 1883 பிப்ரவரியில் இறந்தார். இரண்டு மாதம் கழித்து பாரிஸ் அகாடமி அவருக்குப் பெரிய பரிசு அறிவித்தது. ஒரு எண்ணை ஐந்து வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எத்தனை விதமாக எழுதலாம் என்பது கேள்வி. வேடிக்கை என்னவென்றால் அந்த விடையை ஸ்மித் 1860களிலேயே வெளியிட்டுவிட்டார், பாரிஸ்காரர்கள் கவனிக்கவில்லை. பரிசில் பங்கு பெற்ற இன்னொருவர் பதினெட்டு வயதுப் பையன், பெயர் மின்கோவ்ஸ்கி. ஐன்ஸ்டீனுக்கு ஆசிரியராக இருந்த அதே மின்கோவ்ஸ்கி.

தத்துவவாதி டி.எச்.கிரீன், இறப்பு 1882, அவரும் இங்கேதான். நகரசபைக்குப் போய் ஊர் வேலை பார்த்த பேராசிரியர், குடிக்கு எதிராகக் காப்பிக்கடை திறந்தவர். பக்கத்திலேயே மதுக்கடைக்காரர்கள் படுத்திருக்கிறார்கள் என்று முன்பே சொன்னேன்.

எதிர்க்காற்று:

சரி, சரி, சுவாரசியமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். போப் அங்கே தமிழ் கற்றுக்கொடுத்தது யாருக்கு? மதராஸ் மாகாணத்தை ஆளப் போகிற ஐசிஎஸ் பையன்களுக்கு. ஜோவெட்டும் சும்மா இல்லை, ஐசிஎஸ் ஆட்களைத் தயாரிப்பதில் பேலியல் கல்லூரியை முன்னால் நிறுத்தியவர். இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். கண்ணீர் மட்டும் விட்டுக்கொண்டிருந்தால் எப்படி?

நூலகப்பூனை:

எதிர்க்காற்று சொல்வது முழுக்கச் சரி, அதை மறைக்க வேண்டியதே இல்லை. ஆனால் ஐசிஎஸ் தேர்வுக்குத் திருவாசகம் தேவையில்லை. நாலு கேள்வி கேட்க, மனு படிக்கத் தெரிந்தால் போதும் அந்தப் பையன்களுக்கு. சம்பளம் எதற்கு வாங்கினார் என்பதும் இரவில் எதற்கு விழித்திருந்தார் என்பதும் வேறு வேறு.

கீழைக்காற்று:

இந்த மாதிரி ஆங்கிலேயத் தோட்டங்களில் நம் நாட்டவர்களும் இருக்கிறார்கள். ராம் மோகன் ராய் 1833இல் பிரிஸ்டலில் இறந்தார், பத்து வருடம் கழித்து அர்னோஸ் வேல் தோட்டத்துக்கு மாற்றி, மேலே வங்காளத்துச் சத்திரி மாதிரி மண்டபம் எழுப்பினார்கள். செலவு செய்தவர் தாகூரின் தாத்தா துவாரகநாத். அவரும் 1846இல் லண்டனில் இறந்து கென்சல் கிரீனில் அடங்கினார். போப் விஷயம் தலைகீழ், இங்கிருந்து கல்லுக்குப் பணம் அங்கே போயிருக்கிறது. கால்டுவெல் இடையன்குடியிலேயே இருந்துவிட்டார், போப் திரும்பிப் போய்விட்டார், அதனால்தான் அவருக்கு இப்படி ஒரு கதை தேவைப்பட்டதோ என்னவோ. சென்னைக் கடற்கரையில் 1968இல் இருவருக்கும் சிலை வைத்தாயிற்று.

சாயர்புரத்தான்:

சரி, இப்படிச் செய்தால் என்ன? நாமெல்லாம் சேர்ந்து பணம் போட்டு, அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் தமிழில் ஒரு சின்னப் பலகை. 'தமிழ் மாணவன்' என்று. இல்லாததை இருப்பதாகச் சொல்வதை விட, இருக்கும்படி செய்துவிடலாமே. லண்டன் தமிழ்ச் சங்கத்து ஆட்கள் யாராவது இந்த இழையில் இருக்கிறீர்களா?

ஜெரிக்கோவாசி:

நினைத்த மாதிரி நட முடியாது அண்ணே. அது திருநிலைப்படுத்திய நிலம், ஒரு கல்லைச் சேர்க்கவும் மாற்றவும் மறைமாவட்டத்தின் அனுமதி வாங்க வேண்டும். அதோடு நினைவுக்கல் என்பது குடும்ப வாரிசுகளின் சொத்து, அவர்கள் சம்மதம் வேண்டும். இடமும் வரலாற்றுத் தோட்டங்களின் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. முடியாது என்று இல்லை, பொறுமையாக முறைப்படி போக வேண்டும். அங்கே நண்பர்கள் குழு ஒன்று இருக்கிறது, ஐவிக் கொடியை வெட்டி, கல்வெட்டுகளைப் படித்துப் பதிவுசெய்து, ஒவ்வொரு கல்லுக்கும் வாழ்க்கைக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்கள். முதலில் அவர்களிடம் பேசுங்கள்.

பழையதாள்:

எனக்கு அந்தப் பலகை வேண்டாம். வைத்தால் நூறு வருடம் கழித்து போப் உயிலில் கேட்டது இதுதான் என்று அதையே காட்டுவார்கள். தமிழ் நண்பர்கள் வைத்த கல் ஏற்கெனவே நிற்கிறது, பணம் சேர்ந்தால் அதைப் பராமரிக்கக் கொடுங்கள்.

சாயர்புரத்தான்:

பராமரிப்புக்கும் கொடுப்போம், பலகைக்கும் கேட்போம். என் தங்கை மகன் செப்டம்பரில் ரெடிங்கில் படிக்கப் போகிறான், போய்ப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன். எழுத்து தெரிகிற மாதிரி எடுக்க என்ன செய்யணும்?

ஜெரிக்கோவாசி:

ரெடிங்கிலிருந்து ரயிலில் சுமார் அரை மணிதான். வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழுகிற நேரத்தில் போகச் சொல்லுங்கள், காலையோ மாலையோ, அப்போதுதான் பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். உச்சிவெயிலில் ஒன்றும் தெரியாது. மேகமாக இருந்தால் கைபேசி விளக்கை ஓரத்திலிருந்து அடித்தால் போதும். மாவு, சாக்பீஸ் எதையும் தேய்க்கக் கூடாது, பாசியைச் சுரண்டவும் கூடாது, கல் உரிந்துவிடும். பொழுது சாயும் முன் வெளியே வந்துவிட வேண்டும், வாசலைப் பூட்டிவிடுவார்கள். நேரம் இருந்தால் ஹோலிவெல் தோட்டத்துக்கும் போகட்டும், வடமொழி அறிஞர் மாக்ஸ் முல்லர் அங்கே இருக்கிறார்.